தெர்மாகோலைத் தின்ற பசை

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் வீடு கட்டியிருக்கிறீர்களா? கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சுவர், கூரை, வாசல் எல்லாம் அளவாக வெட்டியாயிற்று. வெள்ளைப் பசை காய நேரமாகிறது. பொறுமை போய், செருப்புக்குப் பூசும் மஞ்சள் ரப்பர் பசையை எடுத்து ஓரத்தில் தடவுகிறோம். தடவிய இடம் கண்ணெதிரே உள்வாங்கி, குழிந்து, பிசுபிசுவென்று சுருங்கிப்போகிறது. ஒட்ட வந்த பசை வீட்டையே தின்றுவிட்டது.

தெர்மாகோலின் வேதிப்பெயர் பாலிஸ்டைரீன். அதைக் காற்றுக்குமிழ்களால் உப்ப வைத்தால் தெர்மாகோல். உப்ப வைக்காமல் உருக்கி அச்சுக்குள் செலுத்தினால் கெட்டியான பிளாஸ்டிக். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போர்வீரர்களை வார்க்கிறார்கள். 28 மில்லிமீட்டர் உயரம். நம் கட்டைவிரலின் மேல்கணு அளவு. அந்த வீரனின் கை முறிந்தால் ஒட்டுவதற்கென்றே ஒரு பசை விற்கிறது. தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டால் அதுவும் தின்னத்தான் செய்யும். ஆனால் அது ஒட்டிய கை மறுபடி எளிதில் விடாது. தின்னும் பசையால் எப்படி இவ்வளவு உறுதியாக ஒட்ட முடிகிறது?

முதலில் இந்த வீரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேசையை மலையும் ஆறுமாக அலங்கரித்து, இரண்டு படைகளை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு போர் நடத்துவது பிரிட்டனில் நூறாண்டு கடந்த பொழுதுபோக்கு. அறிவியல் புனைகதைகளால் நாம் அறிந்த எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இதற்கு விதிகளே எழுதினார். அவர் காலத்து வீரர்கள் ஈயக் கலவையால் ஆனவர்கள். லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் அவற்றை உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்து விலையைக் குறைத்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, சுவரோரம் உறைந்ததும் நடுவில் உறையாமல் இருப்பதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். மிஞ்சுவது ஓடு மட்டும். 1979இல் சிட்டாடல் மினியேச்சர்ஸ் என்ற வார்ப்பு நிறுவனம் தொடங்கியது, 1983இல் வார்ஹாமர் என்ற மேசைப்போர் விளையாட்டு வந்தது. பிறகு நாட்டிங்காமைச் சுற்றி ஏராளமான பட்டறைகள் முளைத்ததில் அந்த வட்டாரத்துக்கே ‘ஈய வளையம்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. இன்று ஈயம் பெரும்பாலும் போய்விட்டது. வெள்ளீயம் மிகுந்த வெள்ளை உலோகம், பாலிஸ்டைரீன், ரெசின் என்ற மூன்றில் ஒன்றால்தான் சிற்றுருக்களைப் பெரும்பாலும் செய்கிறார்கள். மினியேச்சர் என்பதை இங்கே சிற்றுரு என்று சொல்லிக்கொள்கிறேன்.

முறிந்த சிற்றுருவைக் கையில் எடுத்ததும் பசையைத் தேடக்கூடாது. அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். உலோகம் கனத்திலேயே தெரிந்துவிடும்: ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீனைவிட வெள்ளீயம் சுமார் ஏழு மடங்கு கனம், ஈயம் பத்து மடங்குக்கும் மேல். பிளாஸ்டிக்கா ரெசினா என்ற ஐயம் வந்தால் கண்ணில் படாத அடிப்பாகத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். பாலிஸ்டைரீன் பென்சில் சீவியதுபோல் சுருண்டு வரும். ரெசின் பொடியாக உதிரும். இந்தச் சுருளுக்கும் பொடிக்கும் உள்ள வேறுபாட்டிலேயே நம் புதிருக்கு விடை இருக்கிறது.

பாலிஸ்டைரீன் ஒரு பல்லுறுப்பி. ஸ்டைரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்ற நீளச் சங்கிலி. இப்படிப்பட்ட மாபெரும் மூலக்கூறுகள் இருக்கின்றன என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது வேதியியலாளர்கள் பலர் ஒப்பவில்லை. அவர் தம் வாதத்தை நிறுவ எடுத்துக்கொண்ட பொருள்களில் பாலிஸ்டைரீனும் ஒன்று. நோபல் பரிசு வந்துசேர 1953 ஆயிற்று.

சங்கிலிகள் உள்ளே எப்படிக் கிடக்கின்றன என்பதற்கு இடியாப்பத்தைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இழைகளுக்கு இடையே முடிச்சு எதுவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதுதான் பிடிப்பு. ஆறிக் காய்ந்த இரண்டு இடியாப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திப் பாருங்கள், ஒட்டாது. சுடச்சுட ஆவியோடு தட்டில் நெருக்கி வைத்துவிட்டால், எடுக்கும்போது எது எந்த இடியாப்பத்தின் இழை என்று பிரிக்க முடியாமல் வரும். நெகிழ்ந்த இழைகள் எல்லை தாண்டிப் பின்னிக்கொண்டுவிட்டன.

பிளாஸ்டிக் பசை செய்வதும் இதுதான். அதில் இருப்பது பெரும்பாலும் கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட் போன்ற, வாழைப்பழ வாசனை அடிக்கும் திரவங்கள். சில வகைகளில் ஆரஞ்சுத் தோலின் எண்ணெயான லிமோனீனே கரைப்பானாக இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம்: ஆரஞ்சுத் தோலைத் தெர்மாகோல்மேல் பிழிந்தால் தெறித்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழியும். கரைப்பான் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைத் தளர்த்துகிறது. தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் காற்று. குமிழிச் சுவர்கள் தளர்ந்ததும் காற்று வெளியேறி எல்லாம் அமுங்கிவிடும். அதைத்தான் தின்றது என்று சொன்னோம். கெட்டிப் பிளாஸ்டிக்கில் முறிந்த முகத்தின் மேல்தோல் மட்டும் கூழாகும். இரண்டு கூழ் முகங்களையும் சேர்த்துப் பிடித்தால் சங்கிலிகள் எல்லை தாண்டுகின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனபின் நடுவில் பசை என்று ஒன்று மிஞ்சுவதில்லை. கையும் உடலும் ஒரே பொருளாகிவிட்டன. இதை ஒட்டுதல் என்பதைவிடப் பற்றவைத்தல் என்பதே சரி. இரும்புப் பட்டறையில் நெருப்பு செய்யும் வேலையை இங்கே கரைப்பான் செய்கிறது.

சங்கிலிகள் எல்லை தாண்டுகின்றன என்று யார் பார்த்தார்கள்?

நெருக்கமான கூட்டத்தில் ஒரு நீளச் சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது. சுற்றிலும் மற்றச் சங்கிலிகள் வழிமறிக்கின்றன. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ழில் த ஜென் 1971இல் ஒரு கருத்தைச் சொன்னார். சங்கிலி தன் உடல் கிடக்கும் தடத்திலேயே, தலைப்பக்கமோ வால்பக்கமோ ஊர்ந்து போகும், புதருக்குள் பாம்பு நெளிந்து போவதுபோல. அதற்கு அவர் வைத்த பெயரும் ஊர்வனவற்றைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘ஊர்வு’ என்று சொல்லலாம். 1991இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அழகான கருத்து என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. சங்கிலி உண்மையிலேயே ஊர்ந்தால், எல்லையை முதலில் தாண்டுவது அதன் முனைகளாகத்தான் இருக்க வேண்டும். நடுப்பகுதி பின்னால் வர வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது?

தாமஸ் ரஸ்ஸலும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகப் பிடித்தமானது. அவர்கள் எடுத்ததும் நம் பாலிஸ்டைரீன்தான். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைத்தால் சங்கிலியின் நடத்தை அநேகமாக மாறாது, ஆனால் கருவிகளுக்கு அடையாளம் தெரியும். சாயம் பூசியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படலத்தில் இருந்த சங்கிலிகளுக்குத் தலையும் வாலும் சிவப்பு, நடு வெள்ளை. அடுத்த படலத்தில் நடு சிவப்பு, தலையும் வாலும் வெள்ளை. இரு பக்கமும் சிவப்பும் வெள்ளையும் சரிபாதி. இரண்டையும் ஒட்டவைத்துச் சூடாக்கினார்கள். சங்கிலியின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி அலைந்து எல்லை தாண்டினால், எங்கே அளந்தாலும் சிவப்பு பாதியாகவே இருக்க வேண்டும். முனைகள் முந்தினால் கதை வேறு. முதல் படலத்தின் சிவப்பு முனைகள் இரண்டாவதற்குள் புகுந்து அங்கே சிவப்பைக் கூட்டும். இரண்டாவதன் வெள்ளை முனைகள் முதலாவதற்குள் வந்து இங்கே சிவப்பைக் குறைக்கும். எல்லைக்கு ஒருபுறம் மேடும் மறுபுறம் பள்ளமுமாக ஓர் அலை எழ வேண்டும். நடுப்பகுதிகளும் வந்துசேர்ந்த பிறகு அது அடங்க வேண்டும். அந்த அலையை அவர்கள் கண்டார்கள்.

அடுத்த ஆண்டு ஸ்டீவன் சூவும் அவருடைய சகாக்களும் இன்னொரு வழியில் போனார்கள். டி.என்.ஏ.வும் நீளச் சங்கிலிதானே. ஒளிரும் சாயமேற்றிய ஒரே ஒரு டி.என்.ஏ. சங்கிலியை, சாயமில்லாத மற்றச் சங்கிலிகளின் நெரிசலுக்குள் ஒளிக்கற்றையால் பிடித்து இழுத்து வளைத்துவிட்டார்கள். சுருங்கும்போது அது குறுக்குவழியில் வரவில்லை. இழுபட்ட வளைவுகளின் வழியே, போன தடத்திலேயே திரும்பியது. நுண்ணோக்கியின் கீழ், கண்ணால் பார்க்கும்படி.

ஆகவே பிளாஸ்டிக் வீரனின் கையை ஒட்டும்போது அவசரப்படாதீர்கள். கை பிடித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் இழைகள் ஆழமாகப் பின்ன நேரம் வேண்டும், கரைப்பான் வெளியேறவும் நேரம் வேண்டும். ஓர் இரவு விட்டுவிடுவது என் வழக்கம். சன்னலைத் திறந்து வையுங்கள். பழவாசனை அடித்தாலும் அந்த ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல.

இனி உலோகம். என் மேசையில் ஒரு குதிரைவீரன் இருக்கிறான், வெள்ளை உலோகம். வாளோடு சேர்ந்து வலக்கை தோளில் முறிந்துவிட்டது. பிளாஸ்டிக் பசையைத் தடவினால் ஒன்றுமே நடக்காது. உலோகத்தைக் கரைக்க அதனால் ஆகாது. சூப்பர் குளூவால் ஒட்டினேன், நம் பெட்டிக்கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் இனம். பத்து விநாடியில் பிடித்தது. அடுத்த வாரம் சட்டைக் கை பட்டு விழுந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. பசையை நான் குறை சொல்லமாட்டேன். அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டிருந்தேன்.

இந்தப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அதே கூவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு விலையுயர்ந்த ஒளிக்கருவியின் இரண்டு பட்டகங்கள் இதனால் ஒட்டிக்கொண்டு வராமல் போயின. அப்போதுதான் தொல்லையே பயன் என்று புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது. குப்பிக்குள் இது தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கிறது. வெளியே எந்தப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம்தான் பொறி. அது பட்டதும் மூலக்கூறுகள் மளமளவென்று கைகோத்துச் சங்கிலியாகி இறுகுகின்றன. சிந்தியதைப் பருத்தித் துணியால் மட்டும் துடைக்காதீர்கள். பஞ்சிழையில் வினை வேகமெடுத்து, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

இறுகிய பசை உலோகத்துக்குள் புகுவதில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் படிந்து, அணுக்களுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பால் பற்றி நிற்கிறது. வீட்டுச் சுவரில் பல்லி நிற்பதும் பெரும்பாலும் இந்த வகை ஈர்ப்பில்தான். மெல்லியது என்றாலும் கோடிக்கணக்கான இடங்களில் சேரும்போது நல்ல பலம். ஆனால் அந்தப் பலம் எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டைத் தள்ளி நகர்த்துவது கடினம், ஓரத்தில் நகத்தைவிட்டு உரிப்பது எளிது. தள்ளும்போது ஒட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்க்கிறது. உரிக்கும்போது விளிம்பிலுள்ள ஒரு கோடு மட்டும் தனியாகச் சுமையைத் தாங்கி அறுகிறது, பிறகு அடுத்த கோடு, அதற்கடுத்தது. இறுகிய சூப்பர் குளூ கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. விளிம்பில் ஒரு விரிசல் தொடங்கினால் அதை நிறுத்த வழியில்லை.

என் குதிரைவீரனின் கணக்கு இதோ. வாளின் முனை தோளிலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒட்டிய இடத்தின் அகலம் 3 மில்லிமீட்டர். முனையில் 100 கிராம் எடை அளவுக்கு விரல் அழுத்தினால், நெம்புகோல் விதிப்படி மூட்டின் மறு ஓரத்தில் அது ஏறக்குறைய ஒரு கிலோவாகிறது. அதுவும் உரிக்கும் திசையில். பிளாஸ்டிக் வீரன் கீழே விழுந்தால் கையின் சொந்த எடை சிறிது. உலோகக் கையோ தன் கனத்தாலேயே தன்னைப் பிய்த்துக்கொள்கிறது.

எனவே உள்ளே எலும்பு வைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துளைமுனையைக் கைப்பிடியில் பொருத்தி, விரல்களால் உருட்டி உருட்டித் தோளில் துளையிட்டேன். வெள்ளை உலோகம் மென்மையானது. வெள்ளிச் சுருள்களாக வந்தது. கையில் நேரெதிர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சங்கடம். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: தோள் துளையின் வாயில் ஈரப் பெயிண்டை ஒரு புள்ளி வைத்து, கையை அதன்மேல் பொருத்தி எடுத்தால் கையிலும் புள்ளி பதியும். அங்கே துளையிட்டு, பித்தளைக் கம்பியை இருபுறமும் நான்கு மில்லிமீட்டர் போகும்படி நறுக்கிச் செருகி, அதே சூப்பர் குளூவால் ஒட்டினேன். பசை மாறவில்லை, வேலைதான் மாறியது. வாளை அழுத்தினால் வளைக்கும் விசையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. கை விடவேண்டுமென்றால் கம்பி துளையிலிருந்து உருவிக்கொண்டு வரவேண்டும், அதாவது பசையை அதற்குப் பிடித்த திசையில் வெல்லவேண்டும். தேக்குமரக் கதவில் ஆப்பும் பொருத்தும் வைக்கிற தச்சருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உலோகத்தையும் உண்மையாகப் பற்றவைக்க முடியாதா? முடியும். பிரிட்டனின் மாதிரி ரயில் செய்பவர்கள் சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே உருகும் பற்றாசைப் பயன்படுத்துகிறார்கள். சிற்றுருவின் உலோகம் உருக அதைவிட நூறு டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும் என்பதால் கை கரையாமல் மூட்டு மட்டும் பிடிக்கும். ஆனால் பழகாத கையில் சூட்டுக்கோல் ஒரு கணம் தங்கினால் வீரனின் முகம் வழிந்துவிடும். எனக்குத் துணிவில்லை.

ரெசினின் கதை சிறியது. அதன் சங்கிலிகளுக்கு நடுவே வேதி முடிச்சுகளே விழுந்துவிட்டன; குறுக்குப் பிணைப்பு என்பார்கள். வெல்லப்பாகு ஆறினாலும் மறுபடி உருகும்; பாலிஸ்டைரீன் அந்த இனம். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? ரெசின் இட்லி இனம். கரைப்பானால் இழைகளைத் தளர்த்த முடியாது என்பதால் பிளாஸ்டிக் பசை இதிலும் செல்லாது. சுரண்டினால் சுருளாமல் உதிர்வதற்கும் இந்த முடிச்சுகள் ஒரு காரணம். சூப்பர் குளூவும் கம்பியும்தான் வழி. வளைந்துபோன ரெசின் ஈட்டிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் முடிச்சுகளுக்கு இடைப்பட்ட இழைகள் அசையத் தொடங்கும். நிமிர்த்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே உறைந்து நிற்கும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தத் தூசு மூச்சில் போகக்கூடாது.

துண்டே தொலைந்துபோனால் எபாக்ஸிப் பிசின். குழாய் ஒழுகினால் எம்-சீலைப் பிசைந்து அப்புகிறோமே, அதன் உறவுதான். சிற்றுருக்காரர்கள் வாங்குவது மஞ்சளும் நீலமுமாக இரண்டு பட்டைகளாக வரும். ஒன்று பிசின், மற்றது இறுக்கி. கோடில்லாமல் முழுப் பச்சையாகும்வரை பிசைந்தால் கலவை சரி என்று பொருள். நிறமே அளவுகோல். ஓரிரு மணி நேரம் களிமண்போல வளைந்துகொடுக்கும்; அதற்குள் ஊசி முனையால் விரல்களையும் சட்டை மடிப்பையும் செதுக்கிவிட வேண்டும்.

ஒட்டி மாளாத நோய் ஒன்றும் உண்டு. பழைய ஈய வீரர்களை ஓக் மரப் பேழையில் பூட்டி வைத்தவர்கள், சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது வீரர்கள்மேல் வெண்பொடி பூத்திருப்பதைக் காண்பார்கள். சிலர் இதை வெள்ளீய நோய் என்று தவறாகச் சொல்கிறார்கள். அது வேறு, 13 டிகிரிக்குக் கீழே தூய வெள்ளீயம் சாம்பல் நிறப் பொடியாக உதிர்வது, அதுவும் ஈயமோ ஆன்டிமனியோ சிறிது கலந்திருந்தால் தடைபடும். இங்கே பொடி வெள்ளை. ஓக் மரம் மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவியை, அதாவது காடியின் புளிப்பை, வெளிவிடுகிறது. அது ஈயத்தைத் தாக்க, காற்றின் கரியமில வாயு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாகிறது. அமிலம் பெருமளவு விடுபட்டு அடுத்த ஈயத்தைத் தேடிப் போகிறது. கொஞ்சம் ஆவி போதும், படையே அழிய. பழைய ஐரோப்பாவில் ஓவியர்களுக்கான வெள்ளைச் சாயத்தை இதே வினையால்தான் வேண்டுமென்றே தயாரித்தார்கள்: காடிப் பானைமேல் ஈயத் தகட்டை வைத்து, சாணக் குவியலில் புதைத்து. பேழைக்குள் நடப்பது அந்தத் தொழிற்சாலையின் சிறு வடிவம். மருந்து, பேழையை மாற்றுவது. அந்தப் பொடி நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஊதித் தட்டவும் கூடாது.

பிரிட்டன் நிறுவனத்துப் பழைய ஈய வீரர்களில் சிலரைக் கழுத்தில் பிடித்து மெல்ல ஆட்டினால் தலை லேசாக அசையும். மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும், கூடவே ஒரு தீக்குச்சியும். தலை ஒடிந்ததும் யாரோ ஒரு குழந்தை, உள்ளே கூடு என்பதைக் கண்டு, தீக்குச்சியை ஒடித்துக் கழுத்துக்குள் செருகித் தலையை அதன்மேல் மாட்டியிருக்கிறது. அப்போது சூப்பர் குளூ பிறக்கவே இல்லை. பழைய பொம்மைகளைச் சீர்செய்யும்போது அந்தக் குச்சி உறுதியாக இருந்தால் நான் அதை எடுப்பதில்லை. தலையைத் திரும்ப அதன்மேலேயே வைத்துவிடுகிறேன்.